உளவாளிகளின் கேமரா என்று பெயரெடுத்த மினாக்ஸ்: அதை உருவாக்கிய வால்டர் ஸாப் நினைத்தது வேற!

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம். இப்போது விற்கும் விலை உயர்ந்த ஸ்மார்ட்ஃபோன்கள் பலவற்றில், மெயின் கேமராவுக்குள் இருக்கும் சென்சார் சுமார் 10 மி.மீ. நீளம், 7 மி.மீ. அகலம்தான். சுண்டுவிரல் நகம் அளவு. அந்த நகத்தளவு இடத்தில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் கல்யாண ஃபோட்டோ முதல் ஆபீஸ் பில் வரை எல்லாவற்றையும் எடுக்கிறோம்.

கிட்டத்தட்ட இதே அளவில், அதாவது 11 மி.மீ.க்கு 8 மி.மீ. ஃபிலிமில், 1930-களிலேயே ஒருத்தர் ஃபோட்டோ எடுத்துக் காட்டிவிட்டார். அவர் பெயர் வால்டர் ஸாப். அவர் உருவாக்கிய கேமரா மினாக்ஸ். பழைய ஸ்பை படங்களில் ஹீரோ சட்டைப் பையிலிருந்து சூயிங்கம் பாக்கெட் மாதிரி ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் இழுத்து, ரகசிய ஃபைலைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிப்பாரே, அதேதான்.

ஆனால் ஸாப் அதை உளவாளிகளுக்காகச் செய்யவில்லை. பின்னே யாருக்காகச் செய்தார்? அது எப்படி வேறு கைகளுக்குப் போனது? கடைசியில் அவருக்கு என்ன மிஞ்சியது? பார்ப்போம்.

யார் இந்த வால்டர் ஸாப்?

1905 செப்டம்பர் 4 அன்று ரீகா நகரத்தில் பிறந்தவர் ஸாப். இன்று லாட்வியாவின் தலைநகரமாக இருக்கும் ரீகா, அப்போது ரஷ்யப் பேரரசின் பகுதி. ஸாப்பின் குடும்பம் வீட்டில் ஜெர்மன் பேசும் பால்டிக் ஜெர்மானியர் சமூகத்தைச் சேர்ந்தது. பிறந்தது ரஷ்யப் பேரரசில், தாய்மொழி ஜெர்மன், வளர்ந்த பிறகு வேலை பார்த்தது எஸ்டோனியாவில். இந்தக் குழப்பம் அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது.

முறையான பொறியியல் படிப்பு எதுவும் அவருக்கு இல்லை. எஸ்டோனியாவின் டாலின் நகரத்தில் வால்டர் லெம்பெர்க் என்ற புகைப்படக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். இருட்டறை, ரசாயனம், பிரிண்ட் போடுவது எல்லாம் கையால் பழகியது அங்கேதான். பின்னாளில் அவர் எடுத்த முடிவுகளைப் பார்த்தால், ஸ்டூடியோவில் நின்று வேலை செய்த ஆளின் மூளை தெரியும். ஒரு படம் கேமராவில் முடிந்துவிடுவதில்லை, கழுவி, பெரிதாக்கிக் காகிதத்தில் போட்ட பிறகுதான் முடிகிறது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

டாலினில் அவருக்கு இரண்டு நண்பர்கள் கிடைத்தார்கள். ஒருவர் நிகோலாய் நைலாண்டர், மற்றவர் ரிச்சர்ட் யுர்கன்ஸ். மினாக்ஸ் என்ற பெயரை யோசித்தவர் நைலாண்டர். குட்டி எலி ஒன்றை வரைந்து அதற்குச் சின்னமாகக் கொடுத்தவரும் அவரே. யுர்கன்ஸ் பணம் போட்டார். ஒரு ஐடியா, ஒரு டிசைனர், ஒரு முதலீட்டாளர். இன்றைய பாஷையில் சொன்னால் பக்காவான ஸ்டார்ட்அப்.

மரக்கட்டையில் தொடங்கிய கேமரா

இவர்கள் அடிக்கடி பேசிக்கொண்ட விஷயம் ஒன்றுதான். நல்ல படம் கண்ணில் படும்போது கையில் கேமரா இருப்பதில்லை. கேமரா இருக்கும்போது நல்ல படம் கிடைப்பதில்லை.

அப்போது கேமராக்களே சிறிதாகவில்லையா என்றால், ஆகியிருந்தன. 1925-ல் வந்த லைக்கா, சினிமா ஃபிலிமைப் பயன்படுத்திக் கேமராவைக் கோட் பாக்கெட் அளவுக்குக் கொண்டுவந்திருந்தது. ஆனால் ஸாப்புக்கு அது போதவில்லை. எடுத்துப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கிற எந்தக் கேமராவும் பெரிசுதான். சாவிக்கொத்து மாதிரி, பையில் இருப்பதே மறந்துபோகிற அளவுக்குச் சிறிதாக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இங்கே அவர் செய்த வேலை கவனிக்க வேண்டியது. முதலில் லென்ஸ் எது, ஃபிலிம் எது என்று முடிவு செய்துவிட்டு அதைச் சுற்றி ஒரு பெட்டி கட்டவில்லை. 1934-ல் ஒரு மரக்கட்டையைக் கேமரா அளவுக்குச் செதுக்கினார். மூடிய கைக்குள் அடங்குகிறதா, பையில் உறுத்துகிறதா, இரண்டு கையால் பிடித்தால் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். கைக்குச் சரியான அளவை முதலில் முடிவு செய்தார். அந்த அளவுக்குள் கேமராவை அடக்குவது அதற்குப் பிறகு வந்த வேலை.

டாலினிலேயே முன்மாதிரிக் கேமரா ஒன்று தயாரானது. 1936 ஆகஸ்டில் அதில் முதல் படம் எடுக்கப்பட்டது. அப்போது ஸாப்புக்கு இன்னும் 31 வயது முடியவில்லை.

ரீகாவில் பேசியது கேமரா இல்லை, பிரிண்ட்

முன்மாதிரி தயார். ஆனால் எஸ்டோனியாவில் அதைத் தயாரிக்க ஆள் கிடைக்கவில்லை. யுர்கன்ஸ் வெளியே தேடினார். ரீகாவில் இருந்த வெஃப் என்ற அரசு மின்தொழில்நுட்ப நிறுவனத்தின் கதவு திறந்தது. ரேடியோ, தொலைபேசி செய்துகொண்டிருந்த தொழிற்சாலை அது. கேமரா நிறுவனமே இல்லை.

அங்கே போன ஸாப் கேமராவை மட்டும் எடுத்துப் போகவில்லை. அந்த நகத்தளவு நெகட்டிவிலிருந்து பெரிதாக்கிய பிரிண்டுகளையும் கொண்டுபோனார். இவ்வளவு சின்ன ஃபிலிமில் என்ன தெரியப்போகிறது என்பதுதான் யாருக்கும் முதலில் வரும் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கு வாயால் பதில் சொல்ல முடியாது, பிரிண்டைத்தான் மேஜையில் வைக்க வேண்டும். வைத்தார். ஒப்பந்தம் ஆனது.

ஸாப் தான் பிறந்த ஊருக்கே திரும்பி வந்து உற்பத்தியைத் தயார் செய்தார். அடுத்த ஓரிரு வருடங்களில் கேமரா விற்பனைக்கு வந்தது. அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு வெஃப் நிறுவனம் குறைந்தது 18 நாடுகளில் காப்புரிமை வாங்கியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை வாங்கியது நிறுவனம். யோசித்தவர் ஒருவர், உரிமை இன்னொருவரிடம்.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்னதான் இருந்தது?

ரீகாவில் செய்த மினாக்ஸின் நீளம் 80 மி.மீ., அகலம் 27 மி.மீ., தடிமன் 16 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு உறை. எடை சுமார் 130 கிராம். அதாவது, இன்றைய ஃபோன்களைவிட லேசானது.

மூடியிருக்கும்போது லென்ஸும் வியூஃபைண்டரும் உள்ளே மறைந்திருக்கும், தூசி போகாது. இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் கேமரா திறக்கும். திறந்து மூடும் அதே அசைவில் ஃபிலிம் அடுத்த படத்துக்கு நகரும், ஷட்டரும் தயாராகும். தனியாக எதையும் திருக வேண்டாம். இழு, அமுக்கு, தள்ளு. அவ்வளவுதான்.

லென்ஸ் 15 மி.மீ. குவியத் தூரம் கொண்டது. அப்பர்ச்சர் எஃப் 3.5 என்று நிரந்தரமாக இருக்கும், கூட்டவோ குறைக்கவோ முடியாது. கேட்டால் குறை மாதிரி தெரியும். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. குவியத் தூரம் குறையக் குறைய, முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்தே தெளிவாக விழும். மினாக்ஸில் குத்துமதிப்பாக 6 மீட்டருக்கு ஃபோகஸ் வைத்தால், சுமார் 3 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். உங்கள் ஃபோனில் பெரும்பாலான படங்கள் முழுக்கத் தெளிவாக வருவதற்கும், பின்னணியை மங்கலாக்க போர்ட்ரெய்ட் மோடு என்று ஒரு சாஃப்ட்வேர் தேவைப்படுவதற்கும் இதே இயற்பியல்தான் காரணம்.

ஷட்டர் வேகம் நொடியில் 1,000-ல் ஒரு பங்கு வரை போகும். கிட்டே 20 செ.மீ. வரை ஃபோகஸ் செய்யலாம். ஃபிலிம் ஒன்பது மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய அகலத்தில், ஓரத் துளைகள் இல்லாமல், இரட்டை அறை கொண்ட குட்டி கேசட்டில் வரும். ஒரு கேசட்டில் 50 படம். சாதாரண 35 மி.மீ. ரோலில் 36 படம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

விலைதான் பிரச்சினை. இவ்வளவு நுணுக்கமான உலோக வேலையை மலிவாகச் செய்ய முடியாது. எல்லோர் பையிலும் இருக்க வேண்டும் என்று நினைத்த கேமரா, வசதியானவர்களின் பைக்குள் மட்டும் போனது. ஸாப் நினைத்ததிலிருந்து மினாக்ஸ் விலகிய முதல் இடம் இதுதான்.

ஊர் அதேதான், முத்திரை மட்டும் மாறியது

1939-ல் ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஐரோப்பாவைப் பங்கு போட்டுக்கொண்டன. 1940 ஜூனில் சோவியத் படை லாட்வியாவுக்குள் நுழைந்தது. வெஃப் தொழிற்சாலை சோவியத் கட்டுப்பாட்டுக்குப் போனது. லாட்வியாவில் தயாரிக்கப்பட்டது என்று பொறித்து வந்த மினாக்ஸ், இப்போது சோவியத் ஒன்றியத்தில் தயாரிக்கப்பட்டது என்ற முத்திரையோடு வெளியே வந்தது. கேமரா அதே கேமரா, பட்டறை அதே பட்டறை.

1941 கோடையில் ஜெர்மன் படை ரீகாவைப் பிடித்தது. தொழிற்சாலை மறுபடி கைமாறியது. 1943 வரை உற்பத்தி ஓடியது. மொத்தம் சுமார் 17,000 மினாக்ஸ் அங்கே செய்யப்பட்டன. அவற்றுக்கு இன்றும் சேகரிப்பாளர்களிடையே தனி மவுசு இருக்கிறது.

பால்டிக் நாடுகளில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் இந்தக் காலத்தில் கூட்டம் கூட்டமாக ஜெர்மனிக்கு இடம்பெயர்ந்தார்கள். ஸாப்பும் 1941-ல் போய்ச் சேர்ந்தார். போர் முடியும் வரை பெர்லினில் ஏஈஜி நிறுவனத்தில் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் ஆராய்ச்சியில் வேலை. அவருடைய கேமரா ஓர் ஊரில், அவர் வேறு ஊரில். இடையில் உலகப் போர்.

மறுபடியும் முதலிலிருந்து

1945. ஜெர்மனி தோற்று இடிபாடாகக் கிடந்தது. ரீகாவுக்குத் திரும்பும் வழியில்லை, அங்கே இருந்த கருவிகளும் உரிமையும் போனது போனதுதான். அந்த நிலைமையில் ஸாப்பும் யுர்கன்ஸும் லைக்காவின் ஊரான வெட்ஸ்லாரில் மினாக்ஸ் என்ற பெயரில் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார்கள்.

பணத்துக்கு? பக்கத்தில் கீஸன் நகரத்தை ஒட்டியுள்ள ஹாய்ஷெல்ஹைமில் சுருட்டுத் தயாரித்துக்கொண்டிருந்த ரின் அண்ட் க்ளோஸ் நிறுவனம் முதலீடு போட்டது. 1948-ல் புதிய மினாக்ஸ் வந்தது. எஃகு போய் அலுமினியம் வந்ததால் எடை நன்றாகக் குறைந்தது.

வியாபாரம் பிடிக்க ஆரம்பித்த நேரத்தில் கம்பெனிக்குள் கருத்து வேறுபாடு முற்றியது. 1950-ல் ஸாப் வெளியேறினார். வயது 45. முதல் தடவை அவர் கேமராவைப் பறித்தது போர். இரண்டாவது தடவை அது அவர் கையை விட்டுப் போனது, அவரே தொடங்கிய கம்பெனியில். பிறகு அவர் ஸ்விட்சர்லாந்தில் குடியேறினார்.

மினாக்ஸ் உலகப் புகழ் பெற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். பேட்டரியே தேவைப்படாத வெளிச்ச மீட்டரோடு 1958-ல் வந்த மினாக்ஸ் பி மாடல் 1972 வரை விற்றது. 1969-ல் மினாக்ஸ் சி. அந்த வருடம் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படமான ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸில் பாண்டின் கையில் இருப்பதும் ஒரு மினாக்ஸ்தான்.

உளவாளிகளுக்கு ஏன் இவ்வளவு பிடித்தது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். ஓர் ஏ4 தாள் முழுக்க 11 மி.மீ. நெகட்டிவுக்குள் அடங்க வேண்டுமானால், கேமராவைச் சுமார் 40 செ.மீ. உயரத்தில் பிடித்தால் போதும். மேஜையில் தாளை வைத்து, முழங்கையை ஊன்றிக் குனிந்தாலே வரும் தூரம் அது. தூரத்தைச் சரியாக அளக்கக் கேமராவோடு ஒரு மெல்லிய சங்கிலி வரும். அதில் அங்கங்கே இருக்கும் மணிகள்தான் அளவுகோல். சங்கிலியைத் தாள் வரை நீட்டி, ஃபோகஸை அந்த எண்ணுக்கு வைத்து, அமுக்க வேண்டியதுதான். ஒரு கேசட்டில் 50 பக்கம். சத்தம் கிடையாது.

அமெரிக்கக் கடற்படையில் இருந்துகொண்டே பல வருடங்கள் சோவியத் ஒன்றியத்துக்கு ரகசியங்களை விற்ற ஜான் வாக்கர், ஆவணங்களைப் படம் பிடித்தது மினாக்ஸ் சி கேமராவில். அவர் 1985-ல் கைதானார்.

பூவையும் குழந்தையையும் கிட்டே போய் எடுக்க உதவும் வசதி, ரகசிய ஆவணத்துக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஸாப்புக்கு அதில் பங்கில்லை. ஆனால் கூட இருந்துகொண்டே இருக்கும் கேமரா என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கும் கேமராவும்கூட. அந்த இரண்டையும் பிரிக்க முடியாது. இன்று ஃபோன் கேமராவை வைத்து நாம் போடும் சண்டைகளில் பாதி இதிலிருந்து வருவதுதான்.

சின்ன நெகட்டிவ், பெரிய கவனம்

8-க்கு 11 மி.மீ. என்றால் பரப்பளவில் 35 மி.மீ. நெகட்டிவின் பத்தில் ஒரு பங்கு. போஸ்ட்கார்ட் அளவு பிரிண்ட் வேண்டுமென்றாலே 13 மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். நெகட்டிவில் ஒட்டிய 0.1 மி.மீ. தூசி, பிரிண்டில் ஒன்றேகால் மி.மீ. வெள்ளைப் புள்ளியாக வந்து நிற்கும்.

அதனால்தான் மினாக்ஸ் கேமராவோடு நிற்கவில்லை. அதற்கென்றே தனி டெவலப்பிங் டேங்க், தனி என்லார்ஜர் என்று ஒரு குடும்பமே வந்தது. பிற்கால லென்ஸ் தெளிவாகப் படம் விழ, கேமராவுக்குள் ஃபிலிமை லேசாக வளைத்துப் பிடிக்கும். என்லார்ஜரிலும் நெகட்டிவ் அதே வளைவில் உட்காரும்.

இந்தக் கவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1982-ல் கோடக் நிறுவனம் டிஸ்க் கேமராவைக் கொண்டுவந்தது. நெகட்டிவ் கிட்டத்தட்ட இதே அளவு. ஆனால் பிரிண்ட் போட அதற்கென்று இருந்த லென்ஸைப் பல லேப்கள் வாங்கவே இல்லை. படங்கள் புள்ளி புள்ளியாக வந்தன, மக்கள் கைவிட்டார்கள். நெகட்டிவ் சின்னதாக இருந்தது மட்டுமே குற்றம் இல்லை. அதற்கு ஏற்ற பிரிண்ட் கிடைக்கவில்லை.

இப்பவும் வீட்டில் கழுவுகிறார்கள்

வால்டர் ஸாப் 2003 ஜூலை 17 அன்று ஸ்விட்சர்லாந்தில் பாசெல் நகரை ஒட்டியுள்ள பின்னிங்கனில் காலமானார். வயது 97. ஜெர்மன் மொழிக்காரரான அவரை லாட்வியா வால்டர்ஸ் ட்ஸாப்ஸ் என்று தன் மொழியில் அழைக்கிறது. நாட்டின் பண்பாட்டுச் சாதனைகளுக்கான தேசியப் பட்டியலில் மினாக்ஸுக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

அவருடைய கேமராக்கள் இன்னும் ஓடுகின்றன. ஃபிலிம்தான் எளிதில் கிடைப்பதில்லை. அதற்கும் ஆர்வலர்கள் வழி வைத்திருக்கிறார்கள். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமை முழு இருட்டில், பிளேடு பொருத்திய ஒரு சின்னக் கருவிக்குள் விட்டு இழுக்கிறார்கள். இரண்டு பக்கத் துளைகளுக்கு நடுவில் இருக்கும் பகுதியிலிருந்து மினாக்ஸ் அகலத்தில் இரண்டு நாடாக்கள் கிடைக்கும். அவற்றைப் பழைய கேசட்டில் சுற்றினால் ஃபிலிம் ரெடி. வேகம் குறைந்த, துகள் நுணுக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் இதற்குச் சரி. வேகமான ஃபிலிமைப் போட்டால், பெரிதாக்கும்போது படம் மணல் தூவியது போல ஆகிவிடும்.

கழுவுவதற்கு இருட்டறைகூடத் தேவையில்லை. மினாக்ஸ் டேங்கில் கேசட்டை உள்ளே வைத்து மூடியைத் திருகினால், ஃபிலிம் தானே சுருள் பாதையில் இறங்கும். தேவையான டெவலப்பர் 60 மில்லிகூட இல்லை, அரை டீ கிளாஸ். நடுவில் செருகியிருக்கும் தெர்மாமீட்டரையே மேலும் கீழும் அசைத்து ரசாயனத்தைக் கலக்கலாம். வெப்பநிலை பார்ப்பதற்கும் அதேதான், கலக்குவதற்கும் அதேதான். டெவலப்பரைக் கொட்டிவிட்டு ஃபிக்ஸர், பிறகு தண்ணீரில் அலசல்.

கடைசிக் கட்டம்தான் கஷ்டம். காய வைப்பது. அனுபவசாலிகள் ரசாயனத்தை முதலிலேயே வடிகட்டிவிடுவார்கள். பாத்ரூமில் சுடுதண்ணீர் ஷவரைத் திறந்துவிட்டு, நீராவியில் தூசி படிந்து அடங்கிய பிறகு, ஃபிலிமைத் தொங்கவிட்டு, கீழ் முனையில் ஒரு கிளிப் மாட்டி, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். யாரும் உள்ளே போகக் கூடாது. ஒரு மீட்டர்கூட இல்லாத அந்த நாடாவில் 50 படங்கள் இருக்கும். அதில் எது தேறும் என்பது, காய்ந்த பிறகு பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும்.